காய்ச்சல் என்று சொல்லாதவன்

அண்ணன் மாட்டிக்கொண்டான் என்று கேட்டதும் ஷாந்தினிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நல்ல தங்கை என்றால் பதறியிருக்க வேண்டும். அவள் பதறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னொரு தடவ சொல்லுங்க பாஸ்" என்றாள்.

புவனேந்திரன் சொன்னார். பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு கடைவீட்டு மாடியில் அலுவலகம் வைத்து, தொழிற்சாலைகளுக்குக் கேமரா மாட்டிக் கொடுப்பவர் அவர். கேமராவுக்குள் ஓடும் மென்பொருள் முழுக்க ஷாந்தினியின் வேலை.

"புக்கிட் ரம்பாய்ல கணேசமூர்த்தி அண்ணன் கிடங்கு இருக்குல்ல, அங்க போன வாரம் ஒரு எக்சிடன். ஃபோர்க்லிப்ட் ரிவர்ஸ்ல வந்து தங்கையான்னு ஒரு பெரியவரு கால்ல ஏறிருச்சு. எலும்பு நொறுங்கிப் போச்சாம். ஓட்டினது கோகுலராஜ். உன் அண்ணன்தானே?"

"பொறந்தது ஒரே வயித்துலதான்."

"மேல சுத்துற மஞ்ச லைட்ட போடாமலே ரிவர்ஸ் எடுத்திருக்கான்லா. நம்ம கேமராவுல தெளிவா இருக்கு. ஆனா அவன் போட்டேன் போட்டேன்னு சாதிக்கிறான். நீ அந்த வீடியோவ எடுத்துப் பாத்து, யாரும் கை வைக்கலன்னு உறுதி சொல்லிடு. நாளைக்கு விசாரணை. அதோட அவன் கத முடிஞ்சிது. வேலையும் போகும், லைசென்சும் போகும்."

"தாராளமா சொல்றேன்" என்றாள் ஷாந்தினி.

அண்ணன் மேல் அவளுக்கு அப்படி என்ன காய்ச்சல் என்று கேட்பவர்கள், பாயா ரும்புட் கோயில் மண்டபத்தில் அவள் கழுத்தில் தாலி ஏறிய நாளைப் பார்த்திருக்க வேண்டும். அவள் கட்டிக்கொண்ட கிஷனுக்கு அது இரண்டாவது கல்யாணம். முதல் மனைவியோடு ஒத்துப்போகாமல் முறைப்படி பிரிந்தவன். கோகுலராஜுக்கு அது ஆகவில்லை. நிச்சயத்தன்று, பாக்குவெற்றிலைத் தட்டைச் சுற்றி இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று சொன்னான்.

"ரெண்டாங் கல்யாணக்காரனுக்கு என் தங்கச்சிய குடுக்கறது எனக்குப் பிடிக்கல. நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன்."

அம்மா முத்தாயி அவன் பின்னாலேயே வாசல்வரை ஓடினாள். "டேய், வரலைன்னா போ. காய்ச்சல்னாவது சொல்லுடா. லீவு கெடைக்கலைன்னு சொல்லு. சபையில மானம் போவுது" என்று கெஞ்சினாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டே, உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான்: "எனக்கு ஏன் காய்ச்சல்? நல்லாத்தான் இருக்கேன். பிடிக்கல, அதான் வரல."

வரவில்லைதான். அக்கினிக்கு முன்னால் பொரி போடும் நேரம் வந்தது. பெண்ணின் கையில் அவள் உடன்பிறந்தவன்தான் பொரியை அள்ளிப் போட வேண்டும். "அண்ணன் தம்பி யாரும்மா?" என்று ஐயர் கேட்டார். ஷாந்தினி இரண்டு கையையும் குவித்து நீட்டியபடி நின்றாள். மண்டபமே வேடிக்கை பார்த்தது. கடைசியில் பந்தி பரிமாற வந்த ஒருத்தன், சாம்பார்க் கையை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து பொரி போட்டான். அவன் பேர்கூட அவளுக்குத் தெரியாது. அன்றோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்த்தே வருடங்கள் ஆகின்றன.

ஆகையால் விபத்து வீடியோவை அவள் ஆசை ஆசையாகத்தான் திறந்தாள்.

பின்னணியில் கூரை முட்ட அடுக்கிய மாவு மூட்டைகள். முன்னால், மூட்டை தூக்கும் ஃபோர்க்லிப்ட் பின்னோக்கி வருகிறது. அதன் கூரைமேல் விளக்கு இருக்கிறது, எரியவில்லை. தங்கையா கைப்பேசியைப் பார்த்தபடி குறுக்கே நடக்கிறார். பிறகு நடப்பதை அவள் ஒருமுறைதான் பார்த்தாள். விளக்கு எரியாத பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினாள். எரியவில்லை. எத்தனை தடவை ஓட்டினாலும் எரியவில்லை. 'மாட்டினியா' என்று வாய்விட்டே சொன்னாள்.

உறுதிக் கடிதத்தைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோதுதான் சனியன் பிடித்த ஒரு எண்ணம் வந்து தொலைத்தது. கோகுலராஜ் பொய் சொல்கிறான் என்கிறார்கள். கோகுலராஜுக்குப் பொய் சொல்ல எப்போதிலிருந்து தெரியும்?

அவனுக்கு மட்டும் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அவள் கல்யாணத்தில் இத்தனை அசிங்கம் நடந்திருக்குமா? அம்மா காலில் விழாத குறையாகக் கேட்டும் அந்த ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லையே! நல்ல மனுஷனாக இருந்தால் சொல்லியிருப்பான். ஈவிரக்கம் இருந்தால் சொல்லியிருப்பான். ஈவிரக்கம் இல்லாத அந்த வாய்க்கு, தன் வேலைக்காக மட்டும் பொய் வருமா? அண்ணனிடம் ஒரு நல்ல குணம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டதில் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

வீடியோவை மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை அவனைப் பார்க்கவில்லை. பின்னால் இருந்த மூட்டைகளைப் பார்த்தாள். மாவு மூட்டையில் தையல் இருக்கும், மடிப்பு இருக்கும், கம்பெனிப் பேர் அச்சடித்திருக்கும். இந்தப் படத்தில் ஒன்றையும் காணோம். சிமெண்டு பூசிய சுவர் மாதிரி மொழுக்கென்று நின்றன மூட்டைகள். அவள் படத்தை அப்படியே நிறுத்தினாள். ஏனென்றால் அப்படி மொழுக்கென்று ஆக்கக்கூடியது அவளே எழுதிய ஒன்றுதான்.

படத்தில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். கருப்பு என்றால் பூஜ்யம், வெள்ளை என்றால் இருநூற்று ஐம்பத்தைந்து. ஆனால் ஓர் இடத்தில் மாட்டிய கேமரா அத்தனை எண்களையும் பார்ப்பதில்லை. அந்த இடத்தின் அடிமட்டம் இது, மேல்மட்டம் இது என்று முன்கூட்டியே தெரிந்தால், அதற்கு வெளியே உள்ள எண்களை மறந்துவிடலாம். கணக்கு தடம் மாறி வெளியே போனாலும் எல்லைக்குள் இழுத்துக்கொள்ளலாம். வீடியோ சுருங்கும். ஒரு குடும்பத்தில் எல்லாருக்கும் ஆறிலிருந்து ஒன்பதுக்குள்தான் காலளவு என்று தெரிந்துகொண்ட செருப்புக் கடைக்காரன் மற்ற பெட்டிகளைத் திறக்காத மாதிரி. ஷாந்தினியின் மென்பொருள், கேமரா மாட்டிய முதல் நாள் முழுக்க அந்த இடத்தைப் பார்த்து, அதிக நேரம் தெரிந்த எண்களை வைத்து இரண்டு எல்லைகளையும் கற்றுக்கொள்ளும். நிறத்துக்கும் அதே மாதிரி எல்லை உண்டு. மறுநாளிலிருந்து எல்லைகளைப் பூட்டிவிடும். பிறகு பத்தாம் அளவுக் கால்காரன் வந்தாலும் ஒன்பதுக்குள் திணித்துவிடும்.

ஒரு நாள் போதாது, எல்லைகளை அவ்வப்போது திருத்த வேண்டும் என்று அவளே ஆரம்பத்தில் சொன்னாள். "அதெல்லாம் கேமராவுக்கு பாரம்லா, ஒரு நாள் போதும், பூட்டு" என்று புவனேந்திரன் அடக்கிவிட்டார். அவளும் விட்டுவிட்டாள். கணேசமூர்த்தியின் கிடங்கில் வீடியோ மற்ற எல்லா இடத்தையும்விட மிக மிகச் சின்னதாகச் சுருங்கியது. புவனேந்திரன் அதைப் போகிற இடமெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டார். அவளும்தான் பெருமைப்பட்டாள். ஏன் அவ்வளவு சுருங்குகிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அந்தக் கேமராவின் மேல் எல்லையைத் திறந்து பார்த்தாள். பாதிக்குச் சற்று மேலே பூட்டியிருந்தது. வெள்ளை மாவு மூட்டை இருக்கிற கிடங்கில் அது எப்படி? கேமரா கற்றுக்கொண்ட நாள் எது என்று தேடினாள். ஆயுத பூசை.

புதுக் கேமராவையும் பூசையிலேயே வைத்துவிடலாம் என்று கணேசமூர்த்திதான் அன்றைக்கே மாட்டச் சொன்னார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கற்றுக்கொண்ட நாளின் பதிவு அலுவலகக் கணினியில் இருந்தது. எல்லை எதுவும் பூட்டாத, முழுப் பதிவு. ஓட்டினாள்.

வாழைக்கன்று, தோரணம், வரிசையாகக் கழுவி நிறுத்திய லாரிகள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஃபோர்க்லிப்டுக்குச் சாமந்தி மாலை போட்டு ஓரங்கட்டியிருந்தார்கள். அன்று முழுக்க அது நகரவில்லை, அதன் விளக்கும் எரியவில்லை. பதிவு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஏணி ஒன்று கேமராவுக்குக் கீழே வந்து சாய்ந்தது. ஒரு தலை மேலே ஏறி வந்தது. நெற்றி, மூக்கு, மீசை. திரை முழுக்கக் கோகுலராஜின் முகம்.

ஷாந்தினி நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். அவனுக்கு முன்மயிர் நரைத்திருந்தது. அவன் கீழே திரும்பி யாரிடமோ கேட்டான்: "இது ஷாந்தி கம்பெனி கேமராதானே?" கீழேயிருந்து ஆமாம் என்றார்கள். அவன் கிண்ணத்தில் மூன்று விரலைத் தோய்த்து, அவளுக்கு நேராக நீட்டி, கேமராவின் கண்ணாடியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பட்டையாகத் திருநீற்றை இழுத்தான். நடுவில் சந்தனம். அதற்குமேல் குங்குமம். அதற்கப்புறம் சாயங்காலம்வரை கேமரா பார்த்ததெல்லாம் சாம்பல் படிந்த ஒரு மங்கல் உலகம். அதைத்தான் அது உலகம் என்று கற்றுக்கொண்டிருக்கிறது. மறுநாள் யாரோ துடைத்துவிட்டார்கள். அதற்குள் எல்லை பூட்டியாகிவிட்டது. அதற்கு மேலே போகும் வெளிச்சமோ நிறமோ, வெள்ளை மூட்டையானாலும் எரியும் விளக்கானாலும், ஒரே சாம்பலில் போய் நின்றுவிடும்.

"என் கேமராவுக்குப் பட்ட போட கை வரும். எனக்குப் பொரி போட மட்டும் வராதா?" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். அடுத்த அறையில் இருந்த புவனேந்திரன் எழுந்து ஓடி வந்தார்.

அவள் விவரம் சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்தது. "ஷாந்தினி, இத வெளிய சொன்னா நம்ம கத என்னாகும் தெரியுமா? எத்தன எடத்துல இதே சாப்ட்வேர் ஓடுது! எல்லாருமே வந்து சட்டையப் பிடிப்பாங்க. கடைய மூடிட்டு பசார்ல போய் நாசி லெமாக் சோத்துப் பொட்டலந்தான் விக்கணும்."

"படம் பொய் சொல்லுது பாஸ்."

"உனக்குத்தான் அவன ஆவாதே! இப்ப என்ன திடீர்னு பாசம்?"

"பாசமா? யாரு சொன்னா பாசம்னு?" அவள் குரல் ஏறியது. "அவன் நாசமாப் போகட்டும். ஆனா என் கேமராவால போகக் கூடாது. அவன் பண்ணினதுக்குப் போகட்டும், பண்ணாததுக்குப் போக வேணாம்."

"நாளைக்கு அங்க போய் வாயத் தொறந்தேன்னா, அப்படியே வீட்டுக்குப் போயிடு. இங்க வராத."

மறுநாள் காலை அவள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு புக்கிட் ரம்பாய்க்குப் போனாள். கிடங்கின் நடுவில் மேசை போட்டுக் கணேசமூர்த்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புவனேந்திரன். காலில் மாவுக்கட்டோடு தங்கையா. கோகுலராஜ் ஒரு தூணில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தங்கையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வாம்மா" என்றார் கணேசமூர்த்தி. "வீடியோவுல யாரும் கை வைக்கலன்னு சொல்லிட்டுக் கெளம்பு. எனக்கு வேல கெடக்கு."

அவருக்கு அவசரம் இருக்கத்தான் செய்யும். பின்னால் போகும்போது கத்த வேண்டிய ஹாரன் அந்த ஃபோர்க்லிப்டில் செத்து வெகுநாள் ஆகியிருந்தது. பூசைக்குப் பந்தல் போட்டவர் ஹாரனை மாற்றவில்லை. ஓட்டுநர் விளக்குப் போடவில்லை என்று முடிந்துவிட்டால் ஹாரனைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

"கை வைக்கல சார். ஆனா அந்த வீடியோவ நம்ப முடியாது" என்றாள் ஷாந்தினி. "ஃபோர்க்லிப்ட அன்னிக்கு நின்ன எடத்துல நிறுத்தி லைட்டப் போடச் சொல்லுங்க. எல்லாரும் பாருங்க."

கணேசமூர்த்தி புவனேந்திரனைப் பார்த்தார். புவனேந்திரன் தரையைப் பார்த்தார். வேறொருத்தன் ஃபோர்க்லிப்டைக் கொண்டுவந்து மூட்டைகளுக்கு முன்னால் நிறுத்தி விசையைத் தட்டினான். மஞ்சள் விளக்கு சுற்றியது. மூட்டைமேலும் தூண்மேலும் எல்லார் முகத்திலும் வெளிச்சம் அடித்து அடித்துப் போனது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டு, கேமரா அதைப் பதிவு செய்திருந்ததை மடிக்கணினியில் ஓட்டிக் காட்டினாள்.

திரையில் விளக்கு எரியவில்லை. சாம்பல் சுவருக்கு முன்னால் ஒரு சாம்பல் கட்டி இருந்தது, அவ்வளவுதான். தங்கையா விளக்கைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி விளக்கைப் பார்த்தார். "அட கடவுளே" என்றார்.

ஷாந்தினி மேல் எல்லையை எடுத்துவிட்டு இன்னொருமுறை பதிவு செய்து காட்டினாள். இப்போது மூட்டைகளில் தையலும் அச்சும் தெரிந்தன. விளக்கு மஞ்சளாகச் சுற்றியது. திருநீற்றுக் கதையையும் சொல்லி முடித்தாள். ஏணியில் ஏறியது யார் என்று மட்டும் சொல்லவில்லை. தூணிலிருந்து கோகுலராஜே சொன்னான்: "பட்ட போட்டது நான்தான்."

கணேசமூர்த்தி விடுகிற ஆள் இல்லை. "சரி, வீடியோவுல தெரியாது, ஒத்துக்கறேன். அதுக்காக இவன் லைட்டு போட்டான்னு ஆயிடுமா? போடாமலும் இருந்திருக்கலாம்ல? என்ன ஆதாரம்?"

வீடியோவில் ஆதாரம் இல்லை. அது ஷாந்தினிக்கும் தெரியும். அவளிடம் இருந்த ஆதாரத்தை அந்த இடத்தில் எடுத்து வைக்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. வைத்தாள்.

"சார், இவன் என் அண்ணன். என் கல்யாணத்துக்கு வரல. எங்கம்மா காய்ச்சல்னு ஒரே ஒரு பொய் சொல்லுடா, மானமாவது மிஞ்சும்னு கெஞ்சினாங்க. சொல்லல. ரெண்டு குடும்பத்துக்கு முன்னாடி, பிடிக்கல வரமாட்டேன்னு என் மூஞ்சிக்கு நேராச் சொன்னான். பந்தி பரிமாற வந்தவன்தான் எனக்குப் பொரி போட்டான். அதுக்காக இன்னிய வரைக்கும் இவன வெறுக்கறேன். ஒரு பொய் சொன்னா ஊரே சந்தோஷப்பட்டிருக்கும், அப்பவே சொல்லாதவன் சார் இவன். லைட்டு போட்டேன்னு சொல்றான்னா போட்டிருக்கான்."

கோகுலராஜின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தங்கையாதான் முதலாளி பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார்.

"தவுக்கே, நானும் ஒண்ணு சொல்லிடறேன். நான் லைட்ட பாக்கவே இல்ல. கைல ஃபோன் இருந்திச்சு. வீடியோவுல இல்லைன்னு காட்டினீங்க, அதான் நானும் இல்லைன்னேன். ஹாரன் இருந்திருந்தா காதுல விழுந்திருக்கும்" என்றார்.

ஹாரன் என்ற சொல் வந்ததும் கணேசமூர்த்தி எழுந்துவிட்டார். "போங்க, போய் வேலையப் பாருங்க. கோகுல், நீயும் போ. வண்டிய எடு" என்று உறுமிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். புவனேந்திரன் அவளைத் தாண்டிப் போகும்போது, "மடிக்கணினி கம்பெனியோடது" என்று சொல்லி அதை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். வெளியே அவர் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஷாந்தினி வெறுங்கையோடு நின்றாள். கோகுலராஜ் அவளை நோக்கி வந்தான். கிட்டத்தில் பார்த்தபோது திரையில் தெரிந்ததைவிட நரை அதிகமாக இருந்தது.

"உன்ன யாரு கூப்பிட்டா?" என்றான்.

"யாரும் கூப்பிடல."

"என் வேலைய காப்பாத்த வந்தியா, இல்ல எல்லாருக்கும் முன்னாடி என் மானத்த வாங்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான். அன்னிக்கு நான் கைய நீட்டிட்டு நின்னேன்ல, இன்னிக்கு நீ கொஞ்ச நேரம் நின்ன. அவ்வளவுதான்."

அவன் பல்லைக் கடித்தான். "ஒரு விஷயம் தெளிவாக் கேட்டுக்கோ. அன்னிக்கு உன் புருஷன எனக்குப் பிடிக்கல. இன்னிக்கும் பிடிக்கல. நீ இதப் பண்ணிட்டேன்னு நான் உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பேன்னு நெனைக்காத."

பழைய இடத்திலேயே அது போய்க் குத்தியது. நன்றி கேட்டு அவள் வரவில்லை. வந்தவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால்தான் என்ன, நாக்கு அழுகிவிடுமா? சும்மாவாவது சொல்லக்கூடாதா? சும்மா சொல்ல அவனுக்கு வராது. அதை நம்பித்தானே அவள் வேலையை விட்டாள்.

"தெரியும்ணே" என்றாள். எத்தனையோ வருடம் கழித்து அந்த 'ணே' வாயில் வந்துவிட்டதில் அவளுக்கே எரிச்சலாக இருந்தது. "அன்னிக்கு மட்டும் நீ காய்ச்சல்னு சொல்லியிருந்தா, இன்னிக்கு நான் கேமராவத்தான் நம்பியிருப்பேன்."

அவன் திரும்பிப் போய் ஃபோர்க்லிப்டில் ஏறி உட்கார்ந்தான். விளக்கைப் போட்டான். அவள் விலகும்வரை வண்டியை எடுக்காமல் காத்திருந்தான்.